தவமணி கொடுத்த திருத்தாணை

டெல்லியில் லோதி ரோடு அரசுக் குடியிருப்பைக் காலி செய்து ஜனக்புரிக்கு வந்தபோது தவமணி கொண்டுவந்ததில் பாதி புத்தகங்கள்தான். முப்பத்தாறு வருஷம் ஓர் அமைச்சகத்தில் பணிப்பதிவேடு பார்த்தவர். யார் எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தார் என்பதில் அவரிடம் எவரும் வாலாட்ட முடியாது. ஆதாரம் காட்டாத பிரசங்கமும் அவருக்கு வேப்பங்காய்தான். தீர்க்கதரிசனத்துக்கு யாராவது வருஷக் கணக்கு சொன்னால், "எந்த ராஜா, எந்த ஆணை, எழுதி வச்சது யாரு?" என்று கேட்டுக் குடைந்துவிடுவார்.

பதினோரு வருஷம் பாரசீக வரலாற்றையும் ஆதிச் சபைப் பிதாக்களின் எழுத்துகளையும் ஒப்பிட்டு, பைபிளில் தானியேல் சொன்ன, நாளுக்கு ஒரு வருஷமான எழுபது வாரங்களுக்கு அவர் ஒரு கால அட்டவணை போட்டார். அர்தசஷ்டா ராஜாவின் ஏழாம் வருஷத்து ஆணையில் தொடங்கி, இயேசுவின் சிலுவை வரைக்கும் வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கர்த்தருக்கு ஆயிரம் வருஷம் ஒரு நாள் என்று பிதாக்கள் எண்ணியதைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நாளுக்கு இரண்டாயிரம் வருஷத்தைக் கூட்டி, கடைசிக் கட்டத்தில் இயேசுவின் வருகை 2030 என்று எழுதினார். அவர் வேத வகுப்பு எடுத்துவந்த சபை அதை அச்சடித்து நூற்று நாற்பது வீடுகளுக்குக் கொடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மதுமதி அவரிடம் வந்தாள். கொத்தனார் சுப்பையாவின் மகள். நர்ஸிங் படிக்க இடம் கிடைத்திருந்தது.

"பப்பா சேர வேணாங்கறாரு ஆன்ட்டி. நாலு வருஷப் படிப்பு, உங்க சார்ட்படி அதுக்குள்ளயே எல்லாம் கதம்னு சொல்றாரு. சனிக்கிழமை லாஸ்ட் டேட்."

தவமணி வீட்டுக்குப் போனதும், சாப்பிடக்கூட உட்காராமல், அட்டவணையை மேஜையில் விரித்து முதல் வரியிலிருந்து சரிபார்த்தார். முதல் வரியிலேயே தப்பு. ஊழியர்களுக்குச் சேர்ந்த நாளிலிருந்து பணிக்காலம் எண்ணிப் பழகிய கை, ராஜாவுக்கும் பட்டமேறிய நாளிலிருந்தே எண்ணியிருந்தது. பாரசீகத்திலோ அடுத்த புத்தாண்டு பிறந்தால்தான் ராஜாவின் முதலாம் வருஷம். எல்லாமே ஒரு வருஷம் முந்தியிருந்தது.

போதகரிடம் போய்ச் சொன்னார். போதகருக்கு முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சும்மா. 2031னு மாத்திட்டா அந்தப் பொண்ணும் படிச்சு முடிச்சிரும். அடுத்த வருஷ அட்டவணையில போட்டுக்கலாம். இப்பப் போயி வெளிய சொன்னா உங்க வகுப்புக்கு யாரு வருவா?"

எவ்வளவு சுலபமான வழி! வேறு யாராவது என்றால் காதும் காதும் வைத்ததுபோல் முடித்திருப்பார்கள். தவமணி தலையாட்டவில்லை.

"ரோமாபுரி மூப்பர் ஒருத்தர், மூணாம் நூற்றாண்டுக்காரர், இப்படித்தான் கணக்குப் போட்டு ஏறக்குறைய கி.பி. ஐந்நூறுல முடிவுன்னு எழுதினாரு ஐயா. நானே படிச்சு நோட்ல எழுதி வச்சிருக்கேன். படிச்சும் கடைசிக் கட்டத்தைப் போட்டேன் பாருங்க. அந்தக் கட்டமே இருக்கக் கூடாது. எங்க ஆபீஸ் வழக்கப்படி, உத்தரவு யாருக்கெல்லாம் போச்சோ, திருத்தாணையும் அவங்களுக்கெல்லாம் போகணும்."

மறுநாள் நூற்று நாற்பது பிரதி எடுத்தார். கடைசிக் கட்டம் ஆதாரமில்லாதது, அதை எழுதியது நான், அதை நீக்குகிறேன் என்று இருந்தது. கீழே முழுப் பெயரும் கையெழுத்தும். அந்தக் கையெழுத்தைப் போட எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு வந்திருக்காது.

முதலில் சுப்பையாவின் குடிசைக்குப் போனார். சுப்பையா காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அப்ப ஆண்டவரு எப்பதாம்மா வருவாரு?"

"எனக்குத் தெரியாது சுப்பையா."

"நீங்க எழுதுனீங்கன்னுதானே நம்புனேன்."

"ஆமா. என் பேச்சைக் கேட்டு உங்க பிள்ளையை நிறுத்திட்டீங்க. அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்க வந்தேன்."

சுப்பையா அவர் கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்து, "இத எல்லா ஊட்டுக்கும் குடுக்கப் போறீங்களா? பேரு கெட்டுப் பூடுமேம்மா," என்றார்.

"கெட்டாக் கெட்டுட்டுப் போகுது."

சுப்பையா உள்ளே போய், டிரங்குப் பெட்டியைத் திறந்து, மகளின் சான்றிதழ் பையை எடுத்து, வாசலில் நின்ற மதுமதியின் கையில் கொடுத்தார்.

"சனிக்கிழம வரைக்கும் என்னாத்துக்கு? இன்னிக்கே போயி சேந்துடு."

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தவமணியின் கையிலிருந்த காகிதக் கட்டில் பாதியை வாங்கிக்கொண்டார்.

"இந்தச் சந்து பூரா நம்ம சபை ஆளுங்கதான். தனியாப் போனீங்கன்னா ஆளாளுக்கு உங்கள நிக்க வச்சுக் கேள்வி கேப்பாங்க. நானும் வரேன், வாங்க."