மெரில்டா கட்டிய நிரல்கள்

மெரில்டா போய்விட்டார் என்று களுபோவில ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய தங்கை அழைத்துச் சொன்னபோது நான் வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எங்கள் கந்தோரில் அவரோடு மென்பொருள் எழுதியவர்களுக்கு அது ஏனென்று தெரியும்.

ஒரு நிரல் ஓட, லைப்ரரி எனப்படும் துணை நிரல்கள் வேண்டும். அவற்றை உள்ளேயே சேர்த்துக் கட்டுவது ஸ்டாட்டிக். கணினியில் பொதுவாகக் கிடப்பதை ஓடும்போது இணைத்துக்கொள்வது டைனமிக். மெரில்டா ஸ்டாட்டிக் கட்சி. "முழு ஸ்டாட்டிக்காக் கட்ட விண்டோஸ் விடும், லினக்ஸ் முணுமுணுத்துக்கொண்டு விடும், மெக் விடவே விடாது" என்று சிரிப்பார். யார் நிரலைக் காட்டினாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இது ஆரை நம்பி நிக்குது?"

அந்தப் பிடிவாதத்துக்கு விலையும் இருந்தது. ஒருமுறை ஒரு லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தார்கள். டைனமிக் என்றால் அந்த ஒன்றை மாற்றினால் போதும். மெரில்டாவோ எல்லா நிரல்களையும் திரும்பக் கட்டி, கொலன்னாவை, ஹெந்தளை என்று வாடிக்கையாளர்களின் இடங்களுக்கு பஸ்ஸில் அலைந்து மாற்றினார்.

"உம்மால பஸ்காரனுக்குத்தான் லாபம்" என்றேன்.

"அலைஞ்சாலும் பரவாயில்லை. என்ர பிழையை நானே திருத்துவன்."

பிறகு துறைமுகச் சரக்கு நிரலை டைனமிக்காகத்தான் கட்டவேண்டும் என்று முதலாளி நின்றார். "எல்லாருக்கும் பொதுவா ஒண்டு இருந்தாக் காணாதா?" மெரில்டா மறுத்துப் பார்த்து, கட்டிக்கொடுத்தார். சில மாதங்களில், வேறொரு நிரலுக்காக முதலாளியே அந்தப் பொது லைப்ரரியை மாற்றச் சொன்னார். அடுத்த நாள் சரக்கு நிரல் திறக்கவில்லை. கொள்கலன்கள் தேங்கின. கோபமாக வந்த வாடிக்கையாளருக்கு முதலாளி மெரில்டாவைக் காட்டினார்: "இவதான் எழுதினது."

நாங்கள் எல்லோரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மெரில்டா தன் மடிக்கணினியில் அந்த நிரலின் சோர்ஸை, அதாவது அதன் மூல எழுத்தை, திருத்தி ஸ்டாட்டிக்காகக் கட்டி ஓடவைத்தார். மேசையைத் துடைத்தார், வேலையை விட்டுப் போனார். துறைமுகத்தை முடக்கியவள் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போயிருந்தது. எவரும் வேலை கொடுக்கவில்லை. வாடிக்கையாளர் ஒப்பரேட்டிங் சிஸ்டத்தை எத்தனையோ தடவை புதுப்பித்துவிட்டார். அந்த நிரல் இன்றும் ஓடுகிறது.

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோவிலில் இறுதிப் பூசை முடிந்ததும் முதலாளி பேசினார். மெரில்டா எங்கள் குடும்பத்தில் ஒருவராம். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அந்தச் சரக்குப் புரோக்கிராமின்ர கடைசி சோர்ஸ் அவவிட்டத்தான் இருந்தது. எங்களிட்ட இல்லை. தங்கச்சியிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருமன்."

"சேர், உங்கட கந்தோர் இவ்வளவு காலமும் ஆரை நம்பி நிண்டது?" என்றேன்.

அவர் மலர்வளையத்தைச் சரிசெய்யப் போனார். மெரில்டாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கேள்விதான். கோபமும் இருக்கிறது. அதையும் வைத்துக்கொள்கிறேன்.