எல்லாப் பொத்தானுக்கும் ஒரே சத்தம்

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு தேர்தலுக்கு முன்பு, விவேக் நகரில் எங்கள் தெருப் பள்ளிக்கூட வாசலில் ஓட்டு இயந்திரத்தைக் காட்ட ஆள் வந்தது. அதுவரை எங்கள் வாக்குச்சாவடியில் காகிதமும் முத்திரையும்தான். நான் வேலை செய்த பத்திரிகையில் இயந்திரத்தின் படத்தை அம்புக்குறிகளோடு போட்டிருந்தோம்.

பக்கத்து வீட்டு அக்கா, கூட்டம் கூடும் வியாழக்கிழமைகளில் சர்ச் வாசலில் மெழுகுவத்தி விற்பார். மற்ற நாட்களில் பூ. அந்த இடத்தை அவருக்குப் பிடித்துக் கொடுத்தவன் வார்டில் ஒரு கட்சிக்காரன். தேர்தல் நெருங்கியதும் அவன் பெண்களிடம் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டிருந்தான்: ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சத்தம், உள்ளே உட்கார்ந்திருக்கும் எங்கள் கட்சி ஏஜென்ட் அதை வைத்தே யாருக்கு விழுந்தது என்று சொல்லிவிடுவான்.

அக்கா அந்த முறை வேறு ஒருவருக்குப் போட நினைத்திருந்தார். என்னிடம் அவ்வளவுதான் சொன்னார். "இடம் போயிடுச்சுன்னா எங்க சார் போய் ஒக்காருவேன்?"

"சத்தமெல்லாம் ஒண்ணுதான் அக்கா."

"நீங்க கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. இருவரும் பள்ளிக்கூட வாசலுக்குப் போனோம்.

மேசைக்குப் பின்னால், தேர்தல் வேலைக்கு வந்திருந்த ஒரு கன்னட ஆசிரியர். அவர் தன் பக்கத்துப் பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கினால்தான் நம் பக்கத்தில் ஒரு ஓட்டுப் போட முடியும். அக்கா முதல் பொத்தானை அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. நீளமாக ஒரு பீப்.

"ஆயித்து, முடிஞ்சுதும்மா. அடுத்தவங்க."

"இன்னொண்ணு குடுங்க சார்."

ஆசிரியர் கொடுத்தார். அக்கா இரண்டாவதை அமுக்கி, தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு மூன்றாவது. வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

"இன்னாக்கா, எல்லாருக்கும் ஒண்ணொண்ணு போட்டு ராசியாப் போறியா?" என்றார் பின்னால் நின்ற ஆட்டோக்காரர்.

"நீ சும்மா இரு, எனக்குக் காது கேக்கணும்."

ஆசிரியருக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் சிரிக்கவில்லை. வரிசையை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, மீதிப் பொத்தான்களுக்கும் பொறுமையாக ஓட்டுக் கொடுத்தார். கடைசிப் பொத்தான் வரை அதே பீப். அதற்குப் பிறகு வரிசையில் இருந்த பெண்களும் ஒன்றுக்கு இரண்டாக அமுக்கிப் பார்த்துவிட்டே நகர்ந்தார்கள். ஆட்டோக்காரரும் இரண்டு முறை அமுக்கினார்.

தேர்தலன்று நான் அக்காவுக்குப் பின்னால் நின்றேன். அட்டை மறைப்புக்குள் போனார். பீப். வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

தெருமுனையில் கட்சிக்காரன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். "என்னக்கா, நமக்குத்தானே?"

"உள்ள உங்க ஏஜென்ட்டு கேட்டிருப்பாருல்ல தம்பி? சத்தத்தை வச்சே சொல்லிடுவாருன்னியே, அவரையே கேளு."

மேசையைச் சுற்றி இருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அவனும் வேறு வழியில்லாமல் சிரித்தான்.

அடுத்த வியாழக்கிழமை அலுவலகம் போகும் வழியில் பேருந்திலிருந்து பார்த்தேன். சர்ச் வாசலில் அதே இடத்தில் அக்கா மெழுகுவத்திகளை உயரப்படி அடுக்கிக்கொண்டிருந்தார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.