முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரு வெல்லத் தராசும்

பொள்ளாச்சிக்குக் கிழக்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து முக்கால் மைல் நடந்தால் வரும் ஆரம்பப் பாடசாலையில் நான் டிரில் டீச்சராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சென்னையில் ஓராண்டு உடற்பயிற்சி ஆசிரியைக்கான படிப்பை முடித்துவிட்டுப் பொள்ளாச்சியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். முதல் நாள் என் தகரப் பெட்டியில் இருந்தவை இவை: ஒரு விசில், இரண்டு ரப்பர் பந்து, மூன்று கயிறு, ஓர் அளவு நாடா, வெள்ளைக் கேன்வாஸ் ஜோடு, படிக்கும்போது எழுதி நிரப்பிய குறிப்பேடு ஒன்று, எழுதாத குறிப்பேடு ஒன்று. ஜோட்டைப் பார்ப்பதற்கென்றே சில பெண்கள் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே வந்து நின்றார்கள்.

பள்ளியை நடத்தியவர் அந்த ஊரில் பெரிய பண்ணையம் உள்ளவர். ஊரில் எல்லோரும் அவரைப் பண்ணாடி என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். முந்தைய ஆண்டு வந்த ஆய்வாளர், சிறு பிள்ளைகளுக்கும் உடற்பயிற்சி வேண்டும் என்று எழுதிவைத்துப் போயிருந்தார். அதனால்தான் என்னை வரவழைத்தார்கள். மற்றபடி பண்ணாடிக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"மூணு மாசம் பாக்கலாமுங்க அம்மணி. முப்பத்தெட்டுப் புள்ளைகள்ல முப்பது பேராச்சும் வரிசைல நிக்கோணும். இல்லீன்னா அந்த நேரத்தைக் கணக்குக்கே திருப்பிக் குடுத்தரலாமுங்க."

கணக்குப் பாடம் தலைமையாசிரியருடையது. அவர் சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையில், பதினொரு மணிக்கு நேராக இருந்த 'கணக்கு' என்ற சொல்லை அடிக்காமல், அதற்கு மேலே பென்சிலால் 'டிரில்' என்று எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "எங்க ஊருப் புள்ளைக விடிஞ்சதுல இருந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் பின்னால ஓடறது பத்தாதுன்னு நீங்க வேற வந்திருக்கீங்களாக்கும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்கு என் குறிப்பேட்டில் பதில் இருந்தது. வேலை செய்யும் உடம்பு ஒரே பக்கமாக வளையும், விளையாடும் உடம்பு எல்லாப் பக்கமும் வளையும் என்று சொன்னேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

முதல் வாரம் முழுவதும் முள் பொறுக்கினோம். பள்ளிக்குப் பின்னால் இருந்த புறம்போக்கு இடம் நெருஞ்சியும் வேலமுள்ளும் மண்டிக் கிடந்தது; பிள்ளைகளோ வெறுங்கால். வரிசையாகக் குனிந்து, பொறுக்கி, நிமிர்ந்து, அடுத்த அடி வைத்தார்கள். அதுவே நல்ல பயிற்சி என்று குறித்துக்கொண்டேன். பிறகு எல்லைக்குக் கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து வைத்து, ஓட்டம், நொண்டி, கயிறு தாண்டுதல், பந்து கைமாற்றுதல் என்று தொடங்கினேன். படித்தபடியே உயர வரிசையில் நிறுத்தினேன். பண்ணையம் உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் அந்தப் பண்ணையத்திலேயே வேலை செய்பவரின் பிள்ளை வந்து நின்றது. வகுப்பில் அவர்கள் உட்காரும் இடம் வேறு வேறு. தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினார். நான் உயரத்தைத் தவிர வேறெதையும் பற்றிப் பேசவில்லை.

பிள்ளைகளுக்கு ஆசை இருந்தது. ஆனால் ஓட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒன்றிரண்டு பேர் வரிசையை விட்டு விலகி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்கள். பிறகு நாலைந்து பேர். கேட்டால், "சும்மாதானுங்க டீச்சர்" என்பார்கள். எழுதாத குறிப்பேட்டில் காரணங்களை எழுதினேன்: வெயில், பழக்கமின்மை, காலில் பழைய முள், மூச்சுவிடும் முறை தெரியாமை, கூச்சம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு திருத்தமும் எழுதினேன். மரநிழல் பக்கம் வரிசையை மாற்றினேன். மூச்சுப் பயிற்சி கொடுத்தேன். உட்காருவது நிற்கவில்லை.

அப்போதுதான் எடை போடும் யோசனை வந்தது. இப்போது ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை உயரமும் எடையும் எடுத்துப் பண்ணாடியிடம் காட்டினால், வாயால் சொல்வதைவிட அது நன்றாகப் பேசும் என்று நினைத்தேன். உயரத்துக்கு அளவு நாடா இருந்தது. எடைக்கு, பொள்ளாச்சியில் அக்கா வீட்டுக்காரருக்குத் தெரிந்த வெல்ல மண்டியில் ஒரு நாளைக்குத் தராசு கேட்டேன்.

தராசு வண்டியில் வந்தது. கூடவே இரண்டு சாக்கு அச்சு வெல்லமும் வந்தது. அன்று சந்தை நாளாம். படிக்கற்களைத் தர முடியாது, அதற்குப் பதிலாக ஒவ்வொன்றும் சரியாக ஒரு ராத்தல் இருக்கும்படி வெல்ல அச்சுகளைத் தேர்ந்து அனுப்பியிருக்கிறோம், எண்ணினால் போதும் என்று வண்டிக்காரர் சொன்னார். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வேப்பமரக் கிளையில் தராசைக் கட்டி, ஒரு தட்டில் பிள்ளையை உட்காரவைத்து, மறு தட்டில் வெல்லத்தை அடுக்கினேன். ஒரு பிள்ளை நாற்பத்தொரு வெல்லம், ஒரு பிள்ளை முப்பத்தேழு வெல்லம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிகவும் எடை குறைந்த பெண் முப்பத்தொரு வெல்லம். மிகவும் கூடியது பண்ணாடியின் கடைசி மகள், அறுபத்திரண்டு. சாயங்காலம் வெல்லத்தை எண்ணிச் சாக்கில் கட்டி, ஓர் அச்சுகூடக் குறையாமல் மண்டிக்குத் திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு விசில் ஊதியபோது வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள். மற்றவர்கள் பள்ளிக்கு வந்திருந்தார்கள், மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஓடக்கூடாது என்று அம்மா சொல்லியிருப்பதாக ஒரு பெண் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எல்லா அம்மாக்களுமா என்று கேட்டேன். எல்லா அம்மாக்களும்தான்.

அடுத்த நாள் ஏழு பேர். அன்று ஒரு குறையும் சேர்ந்துகொண்டது. என் வகுப்பில் எல்லோரையும் முந்தி ஓடும் எட்டு வயதுப் பெண்ணுக்குக் காய்ச்சல். தலைமையாசிரியர் அட்டவணைப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் பென்சில் எழுத்தை ஒரு முறை பார்த்தார். முதல் மாதமே முடியவில்லை. சென்னையில் கூடப் படித்தவர்களுக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வரியைக்கூட யோசித்து வைத்தேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல்காரப் பெண்ணின் அம்மா வந்தார். கரும்பும் கடலையும் வைக்கிற சிறு தோட்டக்காரி. முப்பது வயது இருக்கும். கோபமாக வந்ததாகத் தெரியவில்லை. மரத்தடிக்கு வந்து கிளையைப் பார்த்தார், தராசு தொங்கிய கயிற்றுத் தடத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, புள்ளைகள வெல்லத்துக்கு எதிர்ல வெச்சு எடை போட்டீங்களாமா. அந்த வெல்லம் எந்தக் கோயலுக்குங்க போச்சு?"

"கோயிலுக்கு இல்லீங்க. மண்டிக்குத் திரும்பிப் போயிருச்சுங்க."

அவர் மறுபடியும் அந்தக் கிளையைப் பார்த்தார். "எல்லாமுங்களா?" என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு விளங்கியது. இந்தப் பக்கத்தில் பிள்ளைக்கு நோய் வந்தால், தேறியதும் எடைக்கு எடை வெல்லம் தருவதாக முருகனுக்கு வேண்டிக்கொள்வார்கள். பிள்ளையை ஒரு தட்டில் வைப்பார்கள், வெல்லத்தை மறு தட்டில் வைப்பார்கள், வெல்லம் அங்கேயே நின்றுவிடும். என் தம்பிக்கே நான்கு வயதில் அப்படிக் கொடுத்திருக்கிறோம். அவன் அழாமல் இருக்கத் தட்டின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். அதெல்லாம் தெரிந்தும், முப்பத்தெட்டுப் பிள்ளைகளைச் சாமிக்கு நிறுத்துக் காட்டிவிட்டு, வெல்லத்தை எண்ணித் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறேன். என் பட்டியலில் ராத்தல் என்ற சொல் மட்டுமே இருந்தது.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, தெரிந்ததைத்தான் மறந்திருந்தேன். யோசிக்காமல் செஞ்சுபோட்டேனுங்க என்று சொன்னேன். அதற்கு அவர் முகம் இளகியது. குடுத்துட்டாத் தீந்து போகுது என்றார். ஆனால் முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் எடைக்கு வெல்லம் என்றால் ஒரு வண்டி கொள்ளாது. அவரே கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு பிள்ளையின் எடைக்குக் கொடுத்து, எல்லாப் பிள்ளைகளும் அதைத் தொட்டுக் கும்பிட்டால் எல்லோருக்கும் சேர்ந்ததாகிவிடும் என்றார். எந்தப் பிள்ளையின் எடைக்கு என்று கேட்டேன்.

"உங்க நோட்டுல எந்தப் புள்ளைங்க எடை கூட?"

நோட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பண்ணாடியின் மகள் என்றேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறார் என்பது கண்ணில் தெரிந்தது. "அப்பறமென்னுங்க. அந்தூட்டுல ஆலை ஓடிக்கிட்டுத்தான இருக்குது. நா அந்தம்மாகிட்டப் பேசறேனுங்க" என்றார்.

கரும்பாலை ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பண்ணாடியின் மனைவியிடம் அவர் என்ன பேசினாரோ, பண்ணாடி மறுநாள் பள்ளிக்கு வந்தபோது முகத்தைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே வண்டியில் அறுபத்திரண்டு அச்சு வெல்லம் வந்தது. பிள்ளைகள் வரிசையாக வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எந்தக் கோயிலுக்கு அனுப்புவது என்ற பேச்சு வந்தது. பிள்ளைகளுக்கே கொடுத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது என்று பண்ணாடியின் மனைவி முடிவு சொல்லிவிட்டதாகத் தெரிந்தது. அதைச் சொன்னபோது பண்ணாடி, ஒரே நாளில் தின்றுவிட வேண்டாம், தினம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்றார். தலைமையாசிரியருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்து ஓட்டுங்க டீச்சர். பண்ணாடி மக எளைச்சுட்டா அடுத்த தடவை வெல்லம் கொறஞ்சு போகுமுங்க."

பண்ணாடி சிரிக்காமல் இருக்க முயன்றார்.

நாளைக்கு இரண்டு அச்சு. உடைத்தால் ஆளுக்கொரு கொட்டைப்பாக்களவு கிடைக்கும். காய்ச்சல்காரப் பெண்ணின் அம்மா தோட்டத்துக் கடலையை வறுத்து ஒரு கூடை அனுப்பினார். காய்ச்சல், வெல்லம் வருவதற்கு முந்தைய நாளே இறங்கிவிட்டிருந்தது. அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. பத்தே முக்காலுக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்று, வெல்லமும் ஒரு பிடி கடலையும் வாங்கித் தின்று, தண்ணீர் குடித்துவிட்டு ஓட வந்தார்கள். கடலையும் வெல்லமும் காய்ந்த பண்டம். அதனால் யார் கையிலிருந்து யார் வாங்குகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சோறாக இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள். அந்த வரிசை முதல் நாளே குலைந்திருக்கும். அது எனக்குத் தெரியும்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, விசிலை வாயில் வைத்தபடி மரத்தடியைப் பார்த்தேன். யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. முப்பத்தொரு வெல்ல எடையுள்ள பெண், கொட்டாங்குச்சியைச் சுற்றித் திரும்பி மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் வந்து, இன்னொரு சுற்று ஓடலாமா என்று கேட்டாள். அவளுடைய அம்மா விடிவதற்கு முன்பே காட்டு வேலைக்குப் போய்விடுவார். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அவளிடம் அன்றுதான் கேட்டேன். இங்கே கொடுக்கும் வெல்லத்தையும் கடலையையும் தவிர ஒன்றுமில்லை என்பதைச் சாதாரணமாகச் சொன்னாள். குறிப்பேட்டில் என் காரணப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஐந்து காரணங்கள் எழுதியிருந்தேன். பசி அதில் இல்லை.

வெல்லம் ஒன்றரை மாதம் வந்தது. தீர்ந்துபோகும் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, வேறொரு வீட்டிலிருந்து தங்கள் பிள்ளையின் எடைக்கென்று வெல்லம் வந்தது. பிறகு இன்னொரு வீட்டிலிருந்து. யாருடைய பிள்ளை கூட எடை என்பதில் பெண்களுக்குள் ஒரு பேச்சே நடந்தது. சந்தைக்குப் போகும் வழியில் நின்று நோட்டில் எண் கேட்டவர்களும் உண்டு.

மூன்று மாதம் முடிந்த அன்று பண்ணாடி மனைவியோடு வந்தார். வேப்பமரத்தடியில் நின்று, விரலை மடக்காமல், உதட்டை மட்டும் அசைத்து எண்ணினார். முப்பத்தேழு பேர். ஒருத்தி மட்டும் ஈரோட்டுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பண்ணாடி திரும்பி, தலைமையாசிரியரிடம், "கணக்கை மத்தியானத்துக்கு வெச்சுக்குங்க" என்றார். தலைமையாசிரியர் உள்ளே போனார். பென்சில் எழுத்தின் மீது அவர் மை தொட்டு எழுதியதை மத்தியானம்தான் பார்த்தேன்.

மண்டியில் அந்த முறை படிக்கற்கள் தரத் தயாராக இருந்தார்கள். வேண்டாம், வெல்லமே போதும் என்று சொல்லிவிட்டேன். பண்ணாடியின் ஆலையிலிருந்து மறுபடியும் வந்திருந்த அறுபத்திரண்டு அச்சையும் நானே நிறுத்துப் பார்த்து வைத்திருந்தேன். முப்பத்தொரு வெல்லப் பெண் முப்பத்துநான்கு ஆகியிருந்தாள். பெரும்பாலும் எல்லோருமே ஒன்றிரண்டு கூடியிருந்தார்கள். கடைசியாகப் பண்ணாடியின் மகள் தட்டில் ஏறினாள். உயரத்தில் அரை அங்குலம் கூடியிருந்தாள். எடையில் அறுபது வெல்லத்துக்குத் தட்டு சமமாக நின்றுவிட்டது. அந்தக் கூட்டத்திலேயே நொண்டியில் அவளை யாராலும் தோற்கடிக்க முடியாமல் போயிருந்தது அப்போது.

அவள் அம்மா என்னைப் பார்த்து, "எம்புள்ளைய எளைக்க வெச்சுட்டீங்களே அம்மணி" என்றார். குறை சொல்லும் குரலில்தான் சொன்னார். பிறகு குனிந்து, தரையில் மீதியிருந்த இரண்டு அச்சையும் எடுத்து, தட்டிலிருந்த அறுபதோடு சேர்த்துப் பிள்ளைகளின் கூடையில் வைத்தார். அவருடைய மகள் தட்டிலிருந்து குதித்து வரிசையில் தன் உயரத்துக்கு உரிய இடத்துக்கு ஓடினாள். மணி பதினொன்று ஆகியிருந்தது. விசிலை எடுத்தேன்.