ஞாயிற்றுக்கிழமை ஓடிய கம்ப்ரசர்

1. மூன்று பக்க ரிப்போர்ட்

கணபதி என்ற ஊர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிகல் டிரெய்னியாக நான் சேர்ந்தது கரண்ட் கட் கடுமையாக இருந்த ஒரு கோடையில். தினமும் மாலை நான்கு மணி நேரம் மில் டீசல் ஜெனரேட்டரில்தான் ஓடும். டீசல் லாரி தாமதமானால் மேனேஜர் கேட்டிலேயே வந்து நிற்பார். நான் சேர்ந்த வாரம் ஜெனரேட்டர் லோடு தாங்காமல் இரண்டு முறை டிரிப் ஆகி நின்றது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, எங்கியாச்சும் லோடு குறைக்க முடியுமான்னு பாரு. இல்லீன்னா அடுத்த மாசத்துல இருந்து சாயங்காலம் வைண்டிங்க நிறுத்திப்போட வேண்டியதுதான்."

வைண்டிங் என்பது நூலைக் கோனில் சுற்றும் பகுதி. அங்கே ஒரு ஷிப்டுக்கு இருபது பெண்கள். நிறுத்தினால் அவர்களுக்குப் பாதி வேலை போய்விடும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோ சான்றிதழைக் கண்ணாடி போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் அப்பா மாட்டியிருந்தார். அந்தப் பெருமையோடு இரண்டு நாள் மில்லைச் சுற்றினேன். மெஷின்களுக்கு அழுத்தக் காற்று தரும், கரண்டை நிறைய இழுக்கும் இரண்டு ஏர் கம்ப்ரசர்களும் ஓயாமல் ஓடின. இவ்வளவு காற்றும் எங்கே போகிறது என்று தேடினேன். ஷிப்டு முடிந்ததும் வைண்டிங் பெண்கள் ஒரு ரப்பர் குழாயைத் திறந்து, தலையிலும் சேலையிலும் ஒட்டிய பஞ்சை ஊதிக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். காற்று வீணாகிறது என்று ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே குழாயைக் கழற்றிவிட்டார்கள்.

கம்ப்ரசர்கள் முன்போலவே ஓடின.

2. லக்கேஜ் டிக்கெட்

குழாயைக் கழற்றிய இரண்டாம் நாள், வைண்டிங்கில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கும் ராமாத்தாள் என்னை நிறுத்தினார்.

"ஏனுங்க அம்மணி, கொழாயப் புடுங்கச் சொன்னது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க்கா. காத்து வீணாப் போகுதுங்க."

"நாங்க ஊதறது ஆளுக்கு அர நிமிசமுங்க. அந்த மிசினு நாளெல்லாம் கத்துது. நேத்து பஸ்ல கண்டக்டரு என்ற தலையப் பாத்துப்போட்டு, பஞ்சுப் பொதிக்கு லக்கேஜ் டிக்கெட் எடுங்கங்கறான்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ராமாத்தாள் சிரிக்கவில்லை. "படிச்சவீங்க சொன்னா சரியாத்தான் இருக்குமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கணக்குப் போட்டேன். இருபது பேர், அரை நிமிடம்: ஒரு ஷிப்டுக்குப் பத்து நிமிடம். எழுதுவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கு.

3. யாரும் இல்லாத மில்

மேனேஜரிடம் அனுமதி வாங்கி, விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமை ஃபிட்டர் அங்கண்ணனோடு போனேன். எல்லா மெஷினும் நின்றிருந்தன. ஒரு கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டோம். காற்றை எடுக்க ஆளில்லாதபோது, டேங்க் நிறைந்ததும் அது லோடு எடுப்பதை, அதாவது காற்றை அழுத்துவதை, நிறுத்திவிட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் லோடில் ஓடியது.

"ஆருமே இல்லாம ஆருங்க அம்மணி காத்தக் குடிக்கறது?" என்றார் அங்கண்ணன்.

ஓடுகிற மில்லில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. அன்று பத்துப் பதினைந்து இடங்களில் 'உஸ்' என்று கேட்டது. பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தோம். ஜாயிண்ட்டுகளில் நுரை கிளம்பியது. எப்போதோ மெஷினைத் தூக்கிவிட்டு மூடாமல் விட்ட ஒரு பழைய லைனிலும் கிளம்பியது. கடைசியாக ஏர் டேங்கின் அடியில், தேங்கும் தண்ணீரை இறக்கும் டிரெய்ன் காக் வால்வு பாதி திறந்திருந்தது.

அங்கண்ணன் வாளியைக் கீழே வைத்தார். "இது நாந்தானுங்க. அடிக்கொருக்கா வந்து தண்ணி எறக்கச் சோம்பல்பட்டுத் தொறந்து உட்டுப்போட்டேன். மேனேஜருகிட்டச் சொல்லீருவீங்களா?"

"மொதல்ல என்ற தப்பச் சொல்லோணுமுங்ணா."

இரண்டாவது ரிப்போர்ட் ஒரே பக்கம். முதல் வரியில், போன ரிப்போர்ட்டில் நான் எழுதியது தவறு என்று எழுதினேன். மேனேஜர் நின்றபடியே படித்தார். "போன தடவை இங்கிலீசு நல்லா இருந்துச்சு. இதுல விசயம் இருக்குது" என்றார்.

அடுத்த இரண்டு ஞாயிறுகளில் கசிவுகளை அடைத்தோம். அதன் பிறகு ஒரு கம்ப்ரசரே போதுமானதாக இருந்தது. ஜெனரேட்டர் டிரிப் ஆகவில்லை, வைண்டிங் நிற்கவில்லை. நாங்கள் இன்னும் டீசலை நம்பித்தான் இருக்கிறோம். ஆனால் ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் இடையில் நாட்கள் கூடியிருக்கின்றன.

முழு அழுத்தத்தில் உடம்பில் காற்றடிப்பது ஆபத்து. அதனால் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் ஒன்றைப் பொருத்தி, ரப்பர் குழாயை நானே பழைய இடத்தில் மாட்டினேன்.

புதிதாக வேலைக்கு வரும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். எது வீணாகிறது என்று தேடப் போனால் முதலில் கண்ணில் படுவது மனிதர்கள்தான். அவர்களைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், அவர்கள் இல்லாத நாளில் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

குழாய் திரும்பிய அன்று ராமாத்தாள்தான் முதலில் திறந்தார்.

"என்னுங் அம்மணி, வாயில ஊதறாப்புல இருக்குது."

"பஞ்சு போகுதுங்களாக்கா?"

"போகுது, போகுது." குழாயை என் பக்கம் திருப்பினார். "குனியுங்க, உங்க தலையிலயும் இருக்குது."

குனிந்தேன்.