எரிகிற கன்னத்துக்கு ஒரு பிரஷ்

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். இன்று காலை தருமபுரியில், சலூன் சாமான் விற்கும் கடையில் என் வீட்டுக்காரரோடு நிற்கிறேன். அக்கி ஆறிய பிறகும் அவருடைய இடது கன்னத்தில் துண்டு பட்டாலே எரிகிறது. தாடி வளர்ந்து அரிக்கிறது. ஆனாலும் ஷேவிங் பிரஷை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

கடைக்காரர் மூன்று பிரஷ் எடுத்து வைக்கிறார். கைக்குழந்தைக்குத் துணி எடுக்கும்போது பார்ப்பதுபோல, ஒவ்வொன்றையும் என் கண் இமையில் தேய்த்துப் பார்க்கிறேன். இரண்டு குத்துகின்றன. மூன்றாவது பட்டதே தெரியவில்லை.

"இது என்ன முடிங்க?"

"பேட்ஜருங்க ஆயா. வெளிநாட்டு மிருகம். நம்ம கீரியவிடப் பெருசு. வெலயும் பெருசுதான்."

"வெலைய நான் கேக்கல. அவரு கன்னத்துல வெச்சுப் பாக்கணும்."

"புதுச் சரக்குங்க ஆயா."

"பொடவைய மேல போட்டுப் பாக்காம யாராச்சும் எடுப்பாங்களா?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே தருகிறார். எரிகிற கன்னத்தில் மெதுவாக வைக்கிறேன். வீட்டுக்காரர் கண்ணை மூடுகிறார். முகத்தைத் திருப்பவில்லை.

"இன்னொரு வாட்டி தடவு" என்கிறார்.

இன்னொரு வாட்டி தடவிவிட்டு, கடைக்காரரிடம் பணத்தை நீட்டுகிறேன்.

திவ்யா கண்ணு, கடையில் நடந்ததை வீட்டுக்கு வந்ததும் உன் பாட்டி எழுதியிருக்கிறேன்; எழுத்து கோணலாக இருந்தாலும் சத்தமாகப் படித்துக் காட்டு. தாத்தா முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருக்கிறார், அவரும் கேட்கட்டும்.