சம்மட்டி கட்டிய கம்ப்யூட்டர்

அவரைச் சம்மட்டி என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். பழைய கட்டடங்களை இடிப்பது தொழில். பகல் முழுக்கச் சுவரை அடித்து நொறுக்கியவருக்கு மாலையில் அலுத்துப் போயிருக்க வேண்டும். இவருக்கோ அப்போதுதான் கை சூடு பிடித்திருக்கும். வண்டி நிறுத்திய தகராறில் ஒருவனுடைய மூக்கெலும்பு போனது. வரிசையில் முந்தியவனுக்கு முன்பற்கள். விலக்கிவிட வந்த மேஸ்திரிக்குத் தாடை. மேஸ்திரி பேசிய நியாயம் சரிதான் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

தாடை உடைந்த அன்று, சட்டையிலிருந்த ரத்தத்தை ஊறவைத்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "இன்னொரு தடவ யார் மேலயாவது கை வச்சீங்க, எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

போய்விடுவாள் என்று அவருக்குத் தெரியும். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவும் பயந்தார். ஆனால் கை நமநமத்தது. அந்தச் சமயத்தில்தான் கூட வேலை செய்பவன் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் கேம் ஆடக் கிடைத்தது. திரையில் வந்தவர்களையெல்லாம் கோடரியால் பிளந்து தள்ளினார். திரும்பும் வழியில் காலில் ஏற்றிய ஸ்கூட்டர்காரனிடம், "பரவால்ல தம்பி, பாத்துப் போ" என்றார். ஆளை முன்பே அறிந்த ஸ்கூட்டர்காரன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். சாந்தமாக வாழ்வதற்கு ஒரு கொலைக்களம் வாங்கியாக வேண்டும் என்று அவர் முடிவெடுத்தது அன்றுதான்.

கட்டி வைத்த கம்ப்யூட்டர் வேண்டாம் என்றார். அடுத்தவர் கட்டியதற்குள் என்ன இருக்கும் என்பதைத் தினமும் உடைத்துப் பார்ப்பவர். கிராபிக்ஸ் கார்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, கனமானதாக எடுத்தார். பாகங்களையெல்லாம் அடைக்கும் கேபினட்டைத் தேர்ந்தெடுத்தவர் மனைவியின் அண்ணன். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரான அவர், கண்ணாடியும் விளக்குமாக, கச்சிதமான சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தார். ஒருவர் எடையைப் பார்த்தார், மற்றவர் அழகைப் பார்த்தார். நீளத்தை யாரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கட்டுமானம் தொடங்கியது. மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் குழியைத் திறந்து, மச்சான் போர்டைச் சம்மட்டியின் கைகளில் கொடுத்தார். "உள்ள பின்னெல்லாம் முடி மாதிரி. ஒண்ணு வளைஞ்சாலும் போர்டு குப்பைதான். பிராசஸர் உள்ள உக்கார்ற வரைக்கும் கீழ வைக்காம, ஆடாம ஓரத்தப் புடிச்சுக்கங்க மாப்ள."

பிராசஸரை எடுக்கும் முன், கார்டு பொருந்துமா என்று கேபினட்டுக்குள் வைத்துப் பார்த்தார். இரண்டு விரல்கடை வெளியே நின்றது.

"அளந்து பாத்து வாங்கத் தெரியாதா?"

"கார்டு சரிதான். பொட்டிதான் சின்னது. அறுத்துடலாம்."

"உடைக்கிறதத் தவிர வேற என்ன தெரியும்? எந்தங்கச்சி வாழ்க்கையையும் அப்படித்தான உடைச்சீங்க."

"நீங்க வாங்குன பொட்டி மாதிரியேதான் மச்சான் நீங்களும். வெளிய லைட்டு, உள்ள எடமே இல்ல."

மச்சான் அறைந்தார். தங்கை போட்ட நிபந்தனை அவருக்குத் தெரியும். திருப்பி ஓர் அடி விழுந்தால் போதும், அவளைக் கையோடு அழைத்துப் போய்விடலாம். விழவில்லை. மச்சான் அடுத்து முஷ்டியால் வாயில் குத்தினார். உதடு கிழிந்தது. சம்மட்டி தலையைத் திருப்பி, ரத்தத்தைப் போர்டில் படாமல் தன் தோளில் சிந்தினார்.

"அடிடா! ஆம்பளைன்னா அடிடா!"

சம்மட்டி போர்டை நேராக்கிப் பிடித்தார். மச்சான் பெட்டியில் நீட்டிக்கொண்டிருந்த கிராபிக்ஸ் கார்டை உருவி அவர் நெற்றியில் போட்டார். கனம் பார்த்து வாங்கியது வீண்போகவில்லை. புருவம் எலும்பு தெரியப் பிளந்தது. சம்மட்டி முட்டி போட்டுச் சரிந்தார். கைகள் மட்டும் தட்டம் ஏந்தியதுபோல அப்படியே நின்றன.

சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி, கையில் கிடைத்த குக்கர் மூடியால் அண்ணனின் காதோடு சேர்த்து ஒன்று விட்டாள். அவர் கேபினட் மேல் விழுந்தார். கண்ணாடி சிதறி முழங்கையில் ஏறியது.

"இனிமே என் வாசப்படி மிதிச்சுடாத" என்று தங்கையிடம் கத்திவிட்டு, முழங்கையைப் பிடித்தபடி வெளியேறினார். கோபித்துக்கொண்டு போக அவளுக்கு இருந்த ஒரே வீடும் அத்தோடு போயிற்று.

அவள் முந்தானையால் கணவனின் புருவத்தை அழுத்திப் பிடித்தாள். "எனக்காகத்தான பொறுத்துக்கிட்டீங்க?"

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார் சம்மட்டி.

"மொதல்ல அந்தப் பிராசஸர எடுத்து இதுல வை. கை மரத்துப் போச்சு."