நனைத்தால் சிவக்கும் பூஞ்சை

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மத்திகிரியில் சரக்கு அடுக்கும் மரத்தட்டு செய்யும் பேலட் பட்டறை ஒன்றில் நல்ல மரம், கெட்ட மரம் பிரிப்பது என் வேலை. தோல்போல் பூஞ்சை படர்ந்த பைன் மரங்களை ஒதுக்கினேன். நீ ஒதுக்கியது நல்ல மரமாக இருந்தால் உன் வேலை போகும் என்ற முதலாளி, பூஞ்சை வகை பிரிக்கும் நிபுணரை அழைத்து வந்தார். சலவைச் சட்டைக்காரர். எதைத் தொட்டாலும் உடனே கைக்குட்டையில் விரலைத் துடைப்பார்.

காய்ந்த பூஞ்சையைக் கீறி, "கீறினா செவக்கல. அப்போ மரத்தை அழுக வைக்காத வகை," என்று ஏதோ லத்தீன் பெயர் எழுதினார்.

"தண்ணி தொட்டுக் கீறுங்க சார், செவக்கும்," என்றேன்.

"நீ எத்தனாவதுப்பா படிச்ச?"

"அஞ்சாவதுங்க."

சிரித்துக்கொண்டே நனைத்துக் கீறினார். ரத்தமாய்ச் சிவந்தது. எழுதிய பெயரை அடித்து வேறு பெயர் எழுதினார். முதலாளியிடம் போய், "இது அழுக வைக்கிற வகை. பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு," என்றார்.

என் வேலை பிழைத்தது. அவ்வளவு படித்தவருக்கு அந்த அற்பப் பொய் எதற்கு என்றுதான் விளங்கவில்லை.

ஆவணி 16, ஞாயிறு.